இளைத்தவனுக்குப் பால் சுறா

வறுவலை விட்டுக் குழம்பு மீனுக்கு மாறி, சோற்றைப் பாதியாக்கி, தினமும் காலையில் நடந்ததில் ஒரு வருடத்தில் என் தொப்பை கரைந்தது. அதைப் பாராட்டத் தெருவில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. "சுகரா?" என்றுதான் விசாரித்தார்கள்.

காசிமேட்டில் எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அக்கா விசாரிக்கவே இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுக்கும் பால் சுறாவை எடுத்து, நான் கேட்காமலே என் பையில் போட்டார்.

"இன்னா நைனா, இப்டி வத்திப் போய்க்கீற? இத்த துன்னு, பழைய ஒடம்பு வந்துரும்."

"நானாத்தான் எளைச்சேன், அக்கா," என்றேன் பெருமையாக. "திருவொற்றியூர்லேர்ந்து தினம் நடந்தே வர்றேன்."

அக்காவின் முகம் வாடியது. இன்னொரு சுறாவையும் பையில் போட்டார்.

"பஸ்சுக்குக்கூட துட்டில்லன்னு என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நைனா?"