இடது பக்கம் விழுந்த சலாம்

எனக்கு மன அமைதி இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, எங்கள் கம்பெனி ஹெச்.ஆர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு இரும்பு பிராக்கெட் செய்கிற கம்பெனி அது. மெக்கானிக்கல் முடித்த கையோடு குவாலிட்டியில் சேர்ந்தேன். ஆறு மாதம் புரொபேஷன். கடைசி மாதம் தொடங்கிய அன்று ஹெச்.ஆர். சார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். டீ வேறு வரவழைத்தார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"உன் ரிப்போர்ட்ல ஒரு தப்பு இல்லம்மா. ஆனா உன் வாய் மேல நாலு கம்ப்ளைன்ட் இருக்கு. அஞ்சாவது வந்துச்சுன்னா நானே நெனச்சாலும் உன்ன பர்மனென்ட் பண்ண முடியாது."

நாலுமே நியாயமான கத்தல்கள் என்பது என் கட்சி. ஆனால் வேலை போனால் என் கட்சிக்கு ஓட்டுப் போட வீட்டில் ஆள் கிடையாது. திருவள்ளூரில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் மூன்று மாப்பிள்ளை ஜாதகங்கள் எப்போதும் தயாராக இருக்கும். ஆக, முப்பது நாளுக்குள் நான் சாந்த சொரூபி ஆகவேண்டும். முனிவர்களே இதைவிட அதிக டைம் எடுத்திருப்பார்கள்.

முதலில் போனில் ஒரு தியான ஆப் இறக்கினேன். விடிகாலை கம்பெனி பஸ்ஸில் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினேன். தேன் தடவிய குரலில் ஒரு பெண், "மூச்சை ஆழமாக உள்ளே இழுங்கள்" என்றாள். இழுத்தேன். டீசல். "மெதுவாக வெளியே விடுங்கள்" என்றாள். விட்டேன். பக்கத்து சீட்டு பேக்கிங் அக்கா என் தோளை உலுக்கினாள்.

"இன்னாம்மா, வாந்தி வருதா? இந்தா, ஜன்னலாண்ட வந்து குந்து."

மூன்றாம் நாள் அவள் எனக்காக எலுமிச்சம்பழமே கொண்டுவந்துவிட்டாள். அந்த அன்புக்கு முன்னால் தியானம் நிற்குமா? ஆப்பை அழித்தேன்.

அடுத்தது அம்மாவின் வைத்தியம். "அம்மாவாசைக்கு நம்ம கோயில் கொளத்துல வெல்லம் போட்டா ஒடம்புல கீற நோவெல்லாம் கரையும்டி. உனக்கு நோவே வாய்தான். போய் போட்டுட்டு வா."

போனேன். படியில் நிற்க இடமில்லாத கூட்டம். பின்னாலிருந்து ஒருவர் இடித்தார், நான் திரும்பி அவரை ஒரு பிடி பிடித்தேன், அந்தச் சூட்டிலேயே வெல்லத்தைக் குளத்தில் எறிந்தேன். கவரைப் பிரிக்காமல். அது பாட்டுக்குப் பந்து மாதிரி மிதந்துகொண்டு போனது. பூக்காரம்மா ஒருத்தி, "ஏம்மா, கவரோட போட்டா எந்த சாமிம்மா கரைக்கும்?" என்று கேட்க, நான் இடித்தவரென்று திட்டிய ஆளே இறங்கி எடுத்துக் கொடுத்தார். பிரித்துப் போட்டேன். கோபம் கரைந்ததா என்று தெரியவில்லை. மானம் நன்றாகவே கரைந்தது.

இப்படியாக இருபத்தேழு நாள் ஓடிவிட்டது. ஐந்தாவது கம்ப்ளைன்ட் வரவில்லை. கத்த வேண்டிய இடத்திலெல்லாம் பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது.

அன்று மதியம் லாரி வந்து நின்றது. அனுப்ப வேண்டிய பெட்டிகளைக் கடைசியாக ஒரு பார்வை பார்க்கப் போனேன். காலையில் அளவு தப்பென்று நானே நிறுத்திவைத்த இரண்டு பெட்டி பிராக்கெட்டில் ஒவ்வொன்றின் மேலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பச்சை என்றால் சரக்கு சரி, ஏற்றலாம் என்று அர்த்தம். ஒட்டுவது பழவேற்காட்டிலிருந்து வரும் பாய். என் வயதுதான் இருக்கும். முந்தைய நாலு கம்ப்ளைன்டில் இரண்டு அவர் கொடுத்தது.

உடம்பில் இருந்த ரத்தம் மொத்தமும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முதல் மூன்று வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே பேக்கிங் பக்கம் நடந்தேன். அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால், தட்டையாகப் பிரித்த அட்டையின் மேல் அவர் தொழுதுகொண்டிருந்தார்.

தொழுகிறவரிடம் எப்படிக் கத்துவது? முடியட்டும் என்று அவருக்கு இடது பக்கம் கவிழ்த்த ஒரு பிளாஸ்டிக் கிரேட்டில் உட்கார்ந்தேன். அவர் குனிந்தார், நிமிர்ந்தார், நெற்றியைத் தரையில் வைத்தார். அவசரமே இல்லை. எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. போனும் டேபிளில் இருந்தது. வாக்கியங்கள் வாயில் ஊறிக்கொண்டிருந்தன. சும்மா இருக்க முடியாமல் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன்.

கையில் ஓர் அட்டை தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். 'நிறுத்திவை' என்கிற சிவப்பு அட்டை. இரண்டு பெட்டிக்கு இரண்டு அட்டை. காலையில் நான் மாட்டியிருக்க வேண்டியவை.

அப்புறம்தான் மிச்சமும் ஞாபகம் வந்தது. "எல்லா பொட்டிக்கும் பச்சையா மேடம்?" என்று அவர் கேட்டிருந்தார். "எத்தினி வாட்டி சொல்றது? எல்லாத்துக்கும்தான்" என்று திரும்பிப் பார்க்காமலேயே சொன்னது நான்.

அப்போது அவர் வலது பக்கம் முகத்தைத் திருப்பி மெல்லச் சலாம் சொன்னார். பிறகு இடது பக்கம் திரும்பினார். அங்கே நான். உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும் என்கிற சலாம், தயாராக வைத்திருந்த அத்தனை வசவுக்கும் நேர் எதிரே, என் முகத்திலேயே வந்து விழுந்தது.

"வ அலைக்கும்..." என்று உளறினேன்.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது உங்களுக்கு இல்ல மேடம். ரெண்டு பக்கமும் கீற மலக்குங்களுக்கு, தேவதூதருங்களுக்கு. நீங்க எங்க நடுவுல வந்து குந்திக்கினீங்க?"

சிவப்பு அட்டைகளைக் காட்டினேன். "பாய், மாட்ட மறந்துட்டேன். தப்பு என்னுது."

அவர் சிரிப்பை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார். "ஒடம்பு கிடம்பு சரியில்லயா மேடம்?"

பிளான்ட் மேனேஜர் வந்து யார் ஒட்டியது என்று சத்தம் போட்டபோதும் அதையே சொன்னேன். அவர் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். எனக்கே ஆச்சரியம், தாடை வலிக்கவில்லை. பிறகு நானும் பாயும் கிரேட்டில் உட்கார்ந்து ஸ்டிக்கர்களை உரிக்க ஆரம்பித்தோம். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் கிழிந்து பாதி ஒட்டிக்கொள்ளும். லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னும் எம்மா நேரம்மா?" என்று கேட்டார். "ஆவும் அண்ணா, சாப்ட்டு வாங்க" என்றேன். இந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

மாதக் கடைசியில் ஹெச்.ஆர். சார் கூப்பிட்டார். இந்தத் தடவை டீ இல்லை.

"வாய் மேல கம்ப்ளைன்ட் எதுவும் வரல. ஆனா ரிப்போர்ட்ல ஒரு தப்பு ஏறிடுச்சு. பர்மனென்ட் இப்ப இல்லம்மா. இன்னும் மூணு மாசம் எக்ஸ்டென்ட் பண்றாங்க."

"சரி சார்."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு காத்திருந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்" என்று எழுந்தேன்.