தேயிலையில் மணத்த பச்சை

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஒரு இரும்பு ஊஞ்சல் இருந்தது. துருப்பிடித்த அதன் விளிம்பு எத்தனையோ பிள்ளைகளின் தொடையைக் கிழித்திருக்கிறது. ஆபீசில் சொன்னோம், சங்கத்தில் சொன்னோம், எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், யாரோ அந்த விளிம்பை அராவி மழுங்கலாக்கி, செங்கல் நிறத்தில் பெயிண்டும் அடித்திருந்தார்கள். அந்த நிறப் பெயிண்ட் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது.

"பாஸ், ஊஞ்சல நீங்களா செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு வேற வேலை இல்லையா அக்கா?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நகமெல்லாம் செங்கல் நிறம்.

கைவேலைக்காரரை நாங்கள் பாஸ் என்போம்; இந்த டிங்கர் பாஸ் மாணிக்கராஜ் செய்துவிட்டுச் சொல்லாமல் விட்டது, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். செய்யாததையும் சொல்வார். ஹாலிஎலயில் ரோட்டோரம் நாலு கம்பமும் ஒரு தகரமும்தான் அவருடைய கராஜ். அங்கே நசுங்கிய ஆட்டோக்களைத் தட்டி நிமிர்த்திக்கொண்டே, வெள்ளைக்காரக் கவர்னருடைய காருக்குத் தான் பெயிண்ட் அடித்த கதையைச் சொல்வார். கணக்குப் பார்த்தால் அந்தக் கவர்னர் கப்பலேறிப் போனதற்குப் பிறகுதான் நம் பாஸுக்கு ஞானஸ்நானமே நடந்திருக்கும்.

அப்படிப்பட்டவரை எங்கள் தோட்டத்து மேனேஜர் துரை தேடிப் பிடித்தார். துரைக்கு அப்போது ஒரு ஆசை வந்திருந்தது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் பழைய கார்களை ஊர்வலம் விடுவார்களாம். அதில் போவதற்காக, கொஸ்லந்தப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டிலில் கிடந்த இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் உட்காரலாம். கூரை கிடையாது. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிக் காம்பராக்களும் அப்படித்தான், ஆனால் அவற்றை யாரும் ஊர்வலத்துக்குக் கேட்கவில்லை. சீட்டில் கோழி முட்டை இட்டிருந்தது. கதவுக்குக் கீழே உள்ள தகடு, விரலால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

மாணிக்கராஜ் காரைச் சுற்றி வந்து, சுத்தியலின் காம்பால் அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு, "உசிரு இருக்கு" என்றார். அதிலிருந்து பங்களாவின் பழைய குதிரை லாயத்தில் வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருந்தார். அரித்த தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். நெளிந்த மட்கார்டுக்கு உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து, வெளியே சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவை எடுத்தார். பட்டி பூசி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். உண்மையைச் சொன்னால் வேலை சுத்தம். ஆனால் அந்த உண்மையை நாம் சொல்ல அவர் இடம் கொடுத்தால்தானே?

கடைசியில் பச்சைப் பெயிண்ட். அடித்த அரை மணியில் பனி இறங்கியது. பச்சை முழுக்க வெள்ளை பூத்து, கார் திருநீறு பூசிக்கொண்டது போல நின்றது.

"பெயிண்ட் சரியில்லையா?" என்று துரை கேட்டார்.

"என் பெயிண்டா சரியில்ல? ஒங்க காத்துதான் சரியில்ல ஐயா. ஒரே தண்ணி. காஞ்ச எடமா ஒண்ணு குடுங்க, கண்ணாடியா ஆக்கித் தாறேன்."

துரை யோசித்தார். பெரிய படிப்புப் படித்தவர், சீக்கிரம் யோசித்துவிட்டார். தோட்டத்திலேயே காய்ந்த இடம் எது? நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஆலையில், தேயிலை காய வைக்கிற அறை.

அந்த ஸ்டோரைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை எந்த மணத்தையும் குடித்துவிடும். அதனால் வாசனைச் சவுக்காரம், பீடி, தலையில் பூ ஒன்றும் உள்ளே ஆகாது. கோயிலிலிருந்து நேராக வேலைக்கு வந்த ஜெயலெட்சுமியை, ஒரு முழ மல்லிகைக்காக வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் இதே துரைதான். அந்த வாசல் வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின் நின்றிருந்த நேரம், அந்தக் கார் போனது. துரையம்மா அதற்கு ஒரு மல்லிகை மாலை போட்டிருந்தார்.

அடுப்புக்கு விறகு போடும் மாடசாமி மட்டும் வாயைத் திறந்தார். "ஐயா, பெயிண்டு தின்னர் வாடை தேயிலத் தூளுக்கு ஏறிடுமே..."

"தேயிலையைப் பத்தி எனக்கே பாடமா?" என்றார் துரை.

மாணிக்கராஜோ தான் திரும்ப அடித்த பச்சை அடுப்புச் சூட்டில் பளபளத்து வருவதைப் பார்த்துச் சொக்கிப்போயிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, அன்று அந்தக் காரில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

மார்ச் மாதம் கொழும்பிலிருந்து தேயிலை திரும்பி வந்தது, ஏதோ வாடை அடிக்கிறதென்று. வாங்கியவர்கள் பக்கமிருந்து பர்ஹான் என்றொரு ஐயா விசாரிக்க வருவதாகவும் தகவல் வந்தது. துரைக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. கார் அல்ல. மாடசாமியின் முழங்கால். வாதத்துக்கு அவர் தைலம் தேய்ப்பார். மாடசாமியை ஸ்டோரிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலை போகும், வேலையோடு காம்பராவும் போகும். மூன்று பெண் பிள்ளைகளோடு அவர் எங்கே போவார்? நான் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

விசாரணை அன்று காரை மினுக்குவதற்கு மாணிக்கராஜும் வந்திருந்தார். அவரைத் துரை முன்பே தோளில் தட்டிப் பேசியிருந்தார். நுவரெலியாவுக்குக் கூட்டிப் போவாராம். பழைய கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் அறிமுகப்படுத்துவாராம். கவர்னர் கதை இனிமேல் தேவைப்படாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த ஒன்றைத்தான் அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

அன்று ஆபீசில் கோப்பைகளை அடுக்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். திரும்பி வந்த தேயிலையில் போட்ட சாயத் தேத்தண்ணியை பர்ஹான் ஐயா ஸர்ரென்று உறிஞ்சித் துப்பினார். துரையும் உறிஞ்சித் துப்பி, "தைலம்தான், சந்தேகமே இல்ல" என்றார். மூலையில் மாடசாமி கையைக் கட்டி நின்றார். முழங்காலைக் கூட வெட்டி எறிந்துவிடுவார் போல இருந்தது.

கார்ச் சாவியைக் கொடுக்க வந்த மாணிக்கராஜ் வாசலில் நின்று மூக்கை உயர்த்தினார்.

"அக்கா, எனக்கும் ஒரு கோப்ப ஊத்துங்க."

நான் துரையைப் பார்க்காமல் ஊற்றினேன். மாணிக்கராஜ் அவர்களைவிடச் சத்தமாக உறிஞ்சினார். துப்பவில்லை. விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"தைலமா? யாரு சொன்னது? இது என் பெயிண்டு ஐயா. அந்த ஞாயித்துக்கெழம ஸ்டோர் அடுப்புக்குப் பக்கத்துல காரை நிப்பாட்டி அடிச்சேனே, அந்தப் பச்ச. முப்பது வருசமா அடிக்கிறேன், என் கை மணம் எனக்குத் தெரியாதா? இந்த மாதிரி தூளுக்குள்ள எறங்கி நிக்கிற பெயிண்ட வேற எவனாவது அடிச்சிருவானா? இதப் போயி ஒரு முழங்காலுக்குக் குடுக்கிறீங்களே!"

பர்ஹான் ஐயா துரையைப் பார்த்தார். துரை ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கார் பளபளவென்று நின்றது.

அது தற்பெருமையா தர்மமா என்று லயத்தில் இன்றைக்கும் வாக்குவாதம் உண்டு. நான் ஊஞ்சலை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன்.

மாடசாமி அடுத்த நாளே அடுப்புக்குத் திரும்பினார். மாணிக்கராஜை விசாரணை அன்றைக்கே தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில் துரை ஊர்வலத்துக்குப் போனார். கூரையில்லாத காரில் மழையில் நனைந்துகொண்டே, வேலையெல்லாம் கொழும்பில் செய்வித்ததாக எல்லாரிடமும் சொன்னாராம். மாணிக்கராஜ் அதற்கு முன்பே கராஜை மூடிவிட்டு நீர்கொழும்பில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அதன்பின் நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

துரத்திய அன்று நானும் மாடசாமியும் அவருடைய சுத்தியல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பசறை ரோடு வரைக்கும் போனோம். பஸ் வந்தது. மாடசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ், நீங்க மட்டும் இல்லாட்டி எங்க குடும்பம்..."

"கைய விடுங்க, பஸ் போயிரும்" என்றார் மாணிக்கராஜ். படியில் ஏறி மூட்டையை வாங்கியவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அந்தத் தூள்ல மிச்சம் இருந்தா கொட்டிறாதீங்க. எனக்கு ஒரு பாக்கெட் அனுப்புங்க. அந்தப் பச்ச இனிமே எனக்கே வராது."