நான்-வோலடைல் என்றால் ஆடாது என்று சொன்னேன்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் கம்ப்யூட்டர் மெமரியான ராம் ஒன்றைக் கையில் வாங்கிய உடனே அசலா டூப்பா என்று சொல்லிவிடுவேன். ஓடாத கம்ப்யூட்டரில் ராமைக் கழற்றி, பின்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதி பழுது போய்விடும். அந்தக் கைப்பழக்கத்தை வைத்தே மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையை மூன்றாக்கினேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் இதையெல்லாம் நூறு முறை சொல்லியிருக்கிறேன். இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டாக முதலீடு செய்பவர்கள். ஞாயிறு காலையில் அஸ்தினாபுரத்தில் ஒரு மொட்டைமாடியில் கூடுவோம். ஒரு ஞாயிறு, இரண்டு கம்பெனிகளைப் பற்றிப் பேச்சு. ஒன்று சாதாரண ராம் தயாரிப்பது. இன்னொன்று புது வகை மெமரி செய்யும் சின்னக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் பெண் இன்ஜினியரே வந்து, "எங்களோடது நான்-வோலடைல் சார்" என்று விளக்கினார்.

குரோம்பேட்டையில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் பஷீர் பாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"சரக்கு நல்லாத்தான் கீது. இந்த வெலைக்கு எவன் வாங்குவான்? ஏஐ கம்பெனிக்காரன் பழைய ராமையே லாரி லாரியா அள்ளிகினு போறான்."

"இன்னா பாய், செல்போன் வந்தப்போ எஸ்டிடி பூத்துதான் நிக்கும்னு சொன்ன ஆளு நீ!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அனகாபுத்தூர் ஸ்டெல்லா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மழைக்கு மழை அவர் வீட்டுக்குள் தண்ணீர் வரும். ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்த, ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை ஒதுக்கி வைத்திருந்தார்.

"அண்ணா, இது வீட்டத் தூக்க வெச்சிருக்கிற பணம். ரிஸ்க் இருக்குமா?" என்று என்னைத்தான் கேட்டார்.

ஷேர் மார்க்கெட்டில் விலை ஏறி இறங்கி ஆடினால் வோலடைல் என்பார்கள். எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

"அவங்களே நான்-வோலடைல்னு சொல்றாங்களே டீச்சர். வெல ஆடவே ஆடாது. தைரியமா போடுங்க."

"சார், அது வெலையப் பத்தி இல்ல..." என்று அந்தப் பெண் தொடங்கினார்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மெமரி வித்தவன்மா நான்!"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

படி இறங்கும்போது பாய் என் தோளில் கை போட்டார். "அண்ணா, நான்-வோலடைல்னா கரண்ட் போனாலும் உள்ள இருக்கிறது அழியாதுன்னு அர்த்தம். வெலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நாலு பேர் முன்னாடி வேணாம்னுதான் சொல்லல. டீச்சருக்கு நீயே போன் போட்டுடு. பணம் கட்ட பொதன்கெழம வரைக்கும் டைம் கீது."

இரண்டு முறை போனை எடுத்தேன். தெரியாமல் உளறிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? எடுத்த போனை வைத்துவிட்டேன். புதன்கிழமை டீச்சர் பணத்தைக் கட்டினார்.

புது மெமரியை வாங்க ஆள் வரவில்லை. இன்னும் ஒரு வருடம் பொறுங்கள் என்றது கம்பெனி. போட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. சாதாரண ராமோ விலை ஏறிக்கொண்டே போனது. என் கடையில் தூசி படிந்து கிடந்த ராம் ஸ்டாக்கெல்லாம் இரட்டை விலைக்குப் போனது.

அந்த வருட மழையில் டீச்சர் வீட்டில் முழங்கால் தண்ணீர். நனைந்த கம்ப்யூட்டரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு என் கடைக்கே வந்தார். ஈரம் காயவைத்து, ராமைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க என்னண்ணா பண்ணுவீங்க? மார்க்கெட் அப்படி" என்றார்.

ரப்பர் கையிலேயே நின்றுவிட்டது. படியில் பாய் சொன்னது, நான் போனை எடுத்து வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "தெரியலன்னு சொன்ன பிள்ளைய நான் ஒரு நாளும் அடிச்சதில்லண்ணா" என்றார்.

அவர் பங்கை, அவர் போட்ட தொகைக்கே நான் எடுத்துக்கொண்டேன். ஜாக்கிகள் வந்தன, வீடு மூன்றடி உயர்ந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு போன் செய்திருந்தால் போதும்.

இப்போது கூட்டத்தில் புரியாத வார்த்தை வந்தால், அர்த்தம் கேட்டு முதலில் எழும் கை என்னுடையதுதான். டீச்சர் கூட்டத்துக்கு வருவதில்லை. அவர் கம்ப்யூட்டர் பழுதானால் குரோம்பேட்டைக்கு, பஷீர் பாயிடம் போகிறது.