அஃப்ஷான் காட்டிய காட்டூர் வீடு

அஃப்ஷான் என்கிற பெயரைக் கஸ்தூரி முதன்முதலில் கேட்டது பொன்னேரி போகிற ஷேர் ஆட்டோவில். மடியில் நண்டுக் கூடையோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் யாரிடமோ போனில் கத்தினாள்: "வூடு வாங்கணும்னா அந்த அஃப்ஷானைப் பாரு. வாய் ஜாஸ்தி, ஆனா வில்லங்கத்தைத் தலையில கட்ட மாட்டா." இறங்குவதற்குள் கஸ்தூரி அந்த நம்பரைக் கேட்டு வாங்கிவிட்டாள்.

கஸ்தூரி யாரென்றால் கோட்டைக்குப்பத்து மணியம்மாளின் மூன்றாவது மகள். தோணிரேவு மீனவன் கவியரசனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர்கள் வீடு ஏரிக்கரையை ஒட்டியது. ஐப்பசி பிறந்தால் தண்ணீர் கேட்காமலே உள்ளே வரும். அரிசியும் பிள்ளைகளின் புத்தகமும் கட்டில்மேல் ஏறும், பிறகு பிள்ளைகளும் ஏறும். மழைக்காலத்தில் காய்ந்த தரையில் கால்வைத்து நடக்க வேண்டும், அவ்வளவுதான் கஸ்தூரியின் ஆசை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அதுவரை யாரும் வீடு விலைக்கு வாங்கியதில்லை.

அஃப்ஷான் பழவேற்காட்டுக்காரி, அபூபக்கரின் கடைக்குட்டி. பொன்னேரியில் பத்திரம் எழுதுகிறவரிடம் ஒன்பது வருஷம் டைப் அடித்தவள். எந்தப் பத்திரத்தில் எங்கே ஓட்டை என்று பார்த்துப் பார்த்து, நாமே வீடு காட்டினால் என்ன என்று ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டாள். "பொம்பளை புரோக்கரா?" என்று சிரித்தவர்களிடம், "பொழுதன்னிக்கும் வூட்டுக்குள்ள கெடக்கிறது பொம்பளைதானே. அவளுக்குத் தெரியாத வூடா?" என்பாள்.

முதலில் காட்டிய வீட்டுக்குப் பட்டா சரியில்லை என்று அவளே தள்ளினாள். அடுத்ததில் கிழக்கே ஜன்னல் இல்லை. "கொண்டல் காத்து வராத வூட்ல மனுசன் இருப்பானா?" என்றான் கவியரசன்.

"அண்ணே, வூட்டுக்குப் பாய்மரம் கட்டப் போறீங்களா?" என்றாள் அஃப்ஷான். ஆனாலும் கிழக்கே ஜன்னல் வைத்த வீடாகத் தேடினாள்.

கிடைத்தது, காட்டூரில். நெல் பயிரிடுகிற தருமலிங்கம், மகனோடு சென்னையில் இருக்கப் போவதால் விற்கிறார். மூன்று படி ஏறிப் போகிற உயரமான வீடு. சேதி வந்த ஆவணி மாதக் காலையில் கஸ்தூரிக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் தடவை ஒரு வீட்டுக்குள் வெறுங்கையோடு நுழைவது அவர்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஏழு பெரிய நண்டைக் கூடையில் போட்டுக்கொண்டாள். சந்தோஷ அவசரத்தில் கொடுக்கை மட்டும் கட்டினாள், காலைக் கட்டவில்லை. கவியரசனும் அஃப்ஷானும் கூட வர, காட்டூர் வீட்டுப் படியேறினாள்.

"இன்னாம்மா இது?" என்று தருமலிங்கம் குனிந்து மூடியைத் தூக்கினார். நண்டு ஒன்று எட்டிப் பார்க்க, அவர் பதறிக் கையை உதற, கூடை கவிழ்ந்தது. பெரியவர் நாற்காலிமேல் ஏறிக்கொண்டார். "புடிங்க! புடிங்க!"

"கொடுக்கு கட்டியிருக்குது நைனா, கடிக்காது," என்ற கஸ்தூரி துரத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏழு நண்டும் பக்கத்திலிருந்த கட்டிலடியைத் தாண்டி, மேற்கு மூலையில் பீரோவுக்கு அடியில் போய் நுழைந்தன.

"இருட்டுன்னு போவுது," என்றார் தருமலிங்கம்.

"கட்டிலடியும் இருட்டுதான். அங்க ஒண்ணுகூட நிக்கலியே." கஸ்தூரியின் குரல் இறங்கிப்போயிற்று. "நண்டு ஈரத்தைத் தேடித்தான் போவும்."

ஒப்பந்தக் காகிதம் அஃப்ஷானின் பையில் தயாராக இருந்தது. சிரித்து மழுப்பியிருக்கலாம். அவள் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு பீரோவில் தோளைக் கொடுத்தாள். "அண்ணே, ஒரு கை குடுங்க!"

பீரோ நகர்ந்தது. பின்னால் இடுப்பளவுக்குச் சுவர் கறுத்து, பூச்சு உப்பி, உப்புப் பூத்துக் கிடந்தது.

"ஆவணி வெயில்லயே இப்பிடின்னா கார்த்திகையில இன்னா ஆவும், பெரியவரே?" என்றாள் அஃப்ஷான்.

அவர் நாற்காலியை விட்டு இறங்கினார். "பின்னாடி பம்புசெட்டு வாய்க்கால் வெடிச்சிருக்குது. பூசணும் பூசணும்னே நாள் போச்சும்மா."

கஸ்தூரிக்குப் போன உயிர் திரும்பிவந்தது. "அவ்ளோதானா? எங்கூட்ல முட்டிக்கால் தண்ணி நைனா! குடு அஃப்ஷானு, கையெழுத்துப் போடறேன்."

அஃப்ஷான் பையை மூடினாள். "போடாதே. அவரு வாய்க்காலைப் பூசட்டும். மழை முழுசும் பெஞ்சு ஓயட்டும். சுவரு காஞ்சிருந்தா தை மாசம் பத்திரம்."

"இன்னொரு மழையும் என்னைத் தண்ணியிலயே கெடன்றியா? நெஞ்சா அது, கல்லா?"

"ஒரு மழை தாங்கிக்கோக்கா. இல்லன்னா ஆயுசுக்கும் தாங்கணும்."

அதுவரை வேறு யாருக்கும் வீட்டைக் காட்டுவதில்லை என்று தருமலிங்கத்திடம் எழுதி வாங்கினாள். "எழுதித் தரேன், நண்டை மட்டும் இன்னிக்கே குடுத்துட்டுப் போங்க," என்றார் அவர்.

அந்த ஐப்பசியில் கட்டில்மேல் உட்கார்ந்து கஸ்தூரி அஃப்ஷானை வையாத நாளில்லை. அஃப்ஷானோ வாரம் தவறாமல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு காட்டூருக்குப் போய்ச் சுவரில் கைவைத்துப் பார்த்தாள். கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் மதியம் போன் அடித்தது.

"அக்கா! வாய்க்கால் நெறைஞ்சு ஓடுது. சுவரு அப்பளமாட்டம் மொறுமொறுன்னு இருக்குது!"

கஸ்தூரி கட்டிலிலிருந்து தண்ணீருக்குள் குதித்தாள். தெறித்த தண்ணீரில் கவியரசன் முகமெல்லாம் சேறு. "பைத்தியம் புடிச்சிருச்சா மே?" என்று கேட்டவனையும் கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளைகளும் குதித்தன. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்க, முழங்கால் தண்ணீரில் குடும்பமே கூத்தாடியது.

தையில் காட்டூர் வீடு கஸ்தூரி பெயரில் பதிவானது. பொங்கிய பாலை முதலில் குடித்தவள் அஃப்ஷான்தான்.

இப்போது அஃப்ஷான் பொன்னேரியில் பத்திர ஆபீசுக்கு எதிர்மாடியில் ஓர் அறை எடுத்துத் தொழில் செய்கிறாள். குடியிருப்பது பழவேற்காட்டில், வாடகை வீட்டில்.