பிரபுவின் வீட்டுப் பணிப்பெண்

2009 டிசம்பர். டென்மார்க்கின் வைலே நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்துவந்த மேரிசெலின், முதன்முறையாக மேடையேறவிருந்தாள்.

அவள் பிறந்த மன்னார்க் கிராமத்தில் நாட்டுக்கூத்து உண்டு. ராசா வேடம் எப்போதும் ஊர்த் தலைவரான உடையார் வீட்டுக்குத்தான். ராணி வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். அவளுக்குப் பாயில் இருந்து பார்க்க மட்டும்தான் இடம்.

இங்கே நிலைமை வேறு. உடன் வேலைசெய்யும் கியெர்ஸ்டன் ஒரு நாடகக் குழு வைத்திருந்தாள். மேலதிகாரியின் நடையை மேரிசெலின் செய்துகாட்டியதைப் பார்த்துவிட்டு, "பணிப்பெண் வேடம் உனக்குத்தான்" என்றாள்.

அது ஒரு பழைய பிரெஞ்சு நகைச்சுவை நாடகம். தன் அனுமதியில்லாமல் வேலைக்காரர் யாரும் கல்யாணம் கட்டக்கூடாது என்கிறான் ஒரு பிரபு. பணிப்பெண்ணும் வண்டிக்காரனும் அவனுக்கு வேலைக்காரனின் உடுப்பை மாட்டிவிடுகிறார்கள். விருந்துக்கு வந்தவர்கள் அவனை அவனுடைய வீட்டிலிருந்தே துரத்துகிறார்கள்.

மே மாதம் வன்னியில் போர் முடிந்திருந்தது. தம்பி குருசுமுத்து உயிரோடு இராணுவத்தின் முள்வேலி முகாமுக்குள் இருக்கிறான் என்பது ஜூலையில்தான் தெரியவந்தது. ஒத்திகை தொடங்கியபோது, "எனக்கு இப்ப சிரிப்பு வராது" என்றாள் மேரிசெலின்.

"போ செலின். போனையே பாத்துக்கொண்டிருந்தா விசர்தான் பிடிக்கும்" என்றார் கணவர் சூசைதாசன்.

போனாள். வசனத்தைக் குளிக்கும்போதும் சொன்னாள், பேருந்திலும் சொன்னாள். அவளது டேனிஷ் உச்சரிப்பை மகள் கிளோறியா திருத்தினாள்.

நாடகத்தன்று மாலை, திரை விலகுவதற்குச் சற்று முன் சூசைதாசன் ஒப்பனை அறைக்குள் ஓடிவந்தார்.

"செலின்! தம்பியை விட்டிட்டாங்கள்! லைனில நிக்கிறான்!"

"அக்கா, மன்னாருக்கு வந்திட்டன். றோட்டில நிண்டு கதைக்கிறன்!"

மேரிசெலின் போட்ட கூச்சலில் பிரபு வேடக்காரர் யென்ஸின் பொய்முடி கீழே விழுந்தது. அப்பாவோடு வந்திருந்த கிளோறியா டேனிஷில் விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். முகப்பவுடர் எல்லாம் கலைந்துபோனது.

மேடையில் அவள் பறந்தாள். வேலைக்காரனின் கோட்டுக்குள் மாட்டிக்கொண்ட யென்ஸ், "நான்தான் இந்த வீட்டுப் பிரபு!" என்று டேனிஷில் கத்தியபோது, அவளுடைய டேனிஷ் முழுக்க மறந்துபோயிற்று. தமிழ்தான் வந்தது.

"பிரபுவோ? அப்ப உங்கட சப்பாத்தை நீங்களே கழட்டுங்கோ பாப்பம்!"

பக்கத்து நகரமான பிரெடெரிசியாவிலிருந்து வந்திருந்த தமிழர்கள் வெடித்துச் சிரித்தார்கள். யென்ஸுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அவள் விரல் காட்டிய தன் காலைப் பார்த்துவிட்டு, நிலத்தில் உட்கார்ந்து சப்பாத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கினார். மண்டபமே அதிர்ந்தது.

அடுத்த வாரமே இக்காஸ்ட் நகரத் தமிழரிடமிருந்து அழைப்பு வந்தது. தமிழில் போடவேண்டுமாம். ஆட்களைச் சேர்த்தபோது ஒரே பிரச்சினை: எல்லோருக்கும் வேலைக்காரன் வேடம்தான் வேண்டும். பிரபுவாக ஒருவரும் வரவில்லை.

"சரி, என்னை அடிச்சுத் துரத்துங்கோ" என்று சூசைதாசன் முன்வந்தார்.

வசந்தகாலத்தில் நாடகம் மேடையேறியது. பட்டுக் கோட்டும் வெள்ளைப் பொய்முடியுமாக வந்த அவரைக் கண்டதுமே சனம் கைதட்டியது. அவர் வசனத்தை மறந்து கும்பிட்டார். மேரிசெலினுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை.