மூன்று மணிக்கு முடிந்த வேலை

மாத்தூரில் ஒரு சோப்புத்தூள் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். பாக்கெட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுகிற வேலை. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு நூற்றிருபது பெட்டி. மாலை ஐந்தரைக்குள் எல்லோரும் முடித்துவிடுவார்கள்.

வியாசர்பாடியிலிருந்து வருகிற அக்கா ஒருவர், ஒரு நாள் காலையில் என்னிடம் வந்து நின்றார்.

“தம்பி, பொண்ணு ஸ்கூல்ல மீட்டிங் கீது. நாலு மணிக்கு அங்க இருக்கணும். நூத்தியிருபதையும் முடிச்சிட்டா வுட்டுடுவியா?”

“முடிச்சிட்டு கெளம்புக்கா.”

அன்று அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்குக் கடைசிப் பெட்டியை ஒட்டிவிட்டு, கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு ஓடினார்.

அவருக்கு ஏதாவது நல்லது நடக்கட்டும் என்றுதான் அன்றைய ரிப்போர்ட்டில் நேரத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டி எழுதினேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

“மூணு மணிக்கே முடியுதுன்னா, மீதி நேரம் எல்லாரும் என்ன பண்றாங்க?”

சாப்பிடாமல் செய்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அடுத்த வாரமே கணக்கு நூற்று அறுபது ஆனது.

மற்ற பெண்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவராலும் நூற்று அறுபதை எட்ட முடியவில்லை. மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வரத் தொடங்கினார்.

“அன்னிக்கு ஒரு நாளு பொண்ணுக்காவ ஓடினேன் தம்பி. தெனம் அப்டி ஓட முடியுமா? நீ மேல சொல்லக்கூடாதா?”

“சொல்றேங்க்கா” என்றேன்.

உற்பத்தி கூடியதற்காக எல்லோர் முன்னாலும் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அவரும் நின்று கைதட்டினார். அந்த மாதக் கடைசியில், கணக்கை எட்டாத மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பெயர்களை வாசிக்கச் சொன்னது என்னைத்தான். அவர் பெயர் இரண்டாவது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பல மாதம் கழித்து கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன்.

“இன்னா தம்பி, நல்லாக்கீறியா?”

“அக்கா, நான் எழுதினதாலதான்...”

“அத்த வுடு. நல்லதுக்குத்தான் எழுதின, எனுக்குத் தெரியும்.” பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தார். “நான் கேட்டப்பறம் போயி சொன்னியா?”

“இல்லக்கா.”

தலையாட்டினார். பஸ் வந்தது. கூட்டத்தில் ஏறிக்கொண்டார். நானும் அதில்தான் போக வேண்டும், ஏறவில்லை.