பயில்வான் பிள்ளை

காலிச்சாவுக்கு ஆண் பிள்ளை பிறந்ததும் நாரின் என்ற அந்த ஊரில் பாதிப் பேர் வந்து அவள் கணவன் ஜூமார்ட்டின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவன் பள்ளிக்கூடத்து மல்யுத்த வாத்தியார். ஒரு காலத்தில் பெரிய போட்டியில் கடைசிச் சுற்றில் தோற்றவன். அந்தத் தோல்வியை அவன் எதிரில் யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள். பிள்ளைக்கு பெக்தூர் என்று பெயர் வைத்தான்.

"இவன் தோக்க மாட்டான்" என்றான்.

தலை நிற்காத வயதிலேயே பயிற்சி தொடங்கிவிட்டது. குழந்தையின் பிஞ்சு விரல்களைத் தன் கட்டைவிரல்களில் பிடிக்கவைத்து அப்படியே மேலே தூக்குவான். கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாக வீசி ஆட்டுவான். விடிந்ததும் முற்றத்துக் குழாயடியில் பனித்தண்ணீர்க் குளியல்.

"பச்சப் புள்ளைங்க. விட்டுடுங்க" என்று காலிச்சா கெஞ்சினாள்.

"உங்க வீட்டுல புள்ளைய கம்பளியில சுத்தி மூலையில போட்டு வளப்பீங்க. அதான் உன் தம்பிங்க எல்லாம் சோப்ளாங்கியா திரியுறானுங்க."

ஒருநாள் துணி மாற்றும்போது, குழந்தையின் இடது கால் மற்றதைப் போல விரியவில்லை என்று கண்டாள். பயந்துபோய்ச் சொன்னாள். "இறுகிக் கெடக்கு. இழுத்துவிட்டா சரியாயிடும்" என்றான் ஜூமார்ட். அன்றிலிருந்து காலையும் மாலையும் அந்தக் காலை இழுத்தான். குழந்தை நீலம் பாரித்துக் கதறியது. காலிச்சா மாட்டுக்கொட்டிலில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கொஞ்ச நாளில் பெக்தூர் அழுவதை நிறுத்திவிட்டான். அப்பன் கிட்டே வந்தால் உடம்பை விறைத்துக்கொண்டு, தானாகவே இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். அதை ஜூமார்ட் போனில் படமெடுத்து ஊர் முழுக்க அனுப்பினான். "பாத்தியா, அவனே கேக்குறான்!" என்று ஜனங்கள் வியந்தார்கள். வேறு அப்பன்மாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள்.

ஜூமார்ட்டின் அண்ணன் மகன் ஒரு வயதுக்கு முன்பே நடந்துவிட்டான். அது ஜூமார்ட்டுக்குப் பொறுக்கவில்லை. பெக்தூர் இன்னும் நிற்கக்கூட இல்லை, அதற்குள், பிள்ளை நடக்கத் தொடங்கும்போது வைக்கும் கால்கட்டு அறுக்கும் விருந்துக்கு ஊரை அழைத்துவிட்டான். ஆடு வெட்டினார்கள். குழந்தையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாய்த் திரித்த கம்பளிக் கயிற்றால் கட்டி நடுவில் நிறுத்தினார்கள். பிள்ளைகள் தூரத்திலிருந்து போட்டி போட்டு ஓடிவந்தார்கள். முதலில் வந்த சிறுமி கத்தியால் கயிற்றை அறுத்தாள்.

"நட!" என்றான் ஜூமார்ட், பிடியை விட்டுவிட்டு.

பெக்தூர் இடது பக்கமாய் மடிந்து விழுந்தான். அப்பன் தூக்கி நிறுத்தினான்; பிள்ளை மறுபடியும் விழுந்தான். மூன்றாவது முறை நிறுத்தியபோது அண்ணன் உரக்கச் சிரித்தான்.

"டேய் வாத்தியாரே, உன் பயில்வான் குமிஸ் கள்ளு குடிச்சிருக்கானாடா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜூமார்ட் பிள்ளையைத் தரையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனான். புழுதியில் கிடந்த குழந்தையிடமிருந்து சத்தமே வரவில்லை. காலிச்சா அவனை அள்ளிக்கொண்டு, விருந்து உடை மாற்றாமலே தலைநகர் பிஷ்கெக்குக்கு வண்டி ஏறினாள்.

"பிறக்கும்போதே இடுப்பு மூட்டு நழுவியிருக்கு" என்றார் மருத்துவர். "அப்பவே பட்டை போட்டு அசையாம வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும். யாரும்மா இந்தக் காலப் போட்டு இப்படி இழுத்தது?"

அறுவை நடந்தது. இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. ஜூமார்ட் ஒருமுறை போன் செய்து, "உங்க வம்சத்துக் கோளாறு" என்று மட்டும் சொன்னான். அவள் திரும்பிப் போகவில்லை.

ஒரே ஒரு தடவை, மிச்சமிருந்த துணிமணிகளை எடுக்க நாரினுக்குப் போனாள். அப்போது பெரிசாத் என்ற இளம் தாயின் கதவைத் தட்டினாள். அவள் கைக்குழந்தையும் ஜூமார்ட்டிடம் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அனுப்பாத தங்கச்சி. என் புள்ளைய முடமாக்கிட்டான்."

"உன் வயித்துல கோளாறுன்னா வாத்தியார் என்ன பண்ணுவாரு? பொறாமையில வந்து நிக்கிறியா அக்கா?" என்று பெரிசாத் கதவைச் சாத்தினாள்.

இப்போது காலிச்சா பிஷ்கெக்கில் ஒரு ரொட்டிக்கடை அடுப்பில் வேலை செய்கிறாள். கைமுடி எல்லாம் கருகிவிட்டது. பெக்தூர் பள்ளிக்கூடம் போகிறான். ஒரு கால் குட்டை; விந்தி விந்தித்தான் நடப்பான். பையன்கள் 'வாத்து' என்பார்கள்.

போன வாரம் கடைக்கு வந்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, என்னை மல்யுத்தத்துல சேத்துவிடும்மா. அங்க ஒரு வாத்தியார் இருக்காரு. கால் சரியில்லன்னாலும் பரவால்லங்குறாரு."

பெற்ற நாளிலிருந்து அவன்மேல் கை வைக்காதவள், மாவுக் கையோடு ஓங்கி அறைந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் வெள்ளையாய்ப் பதிந்தன. பிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ரொட்டி கருகி, முதலாளியம்மா வந்து கத்தியபோதும் அவள் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் அவன் மறுபடியும் கேட்டான்.